வித்தியாசாகரரின் செருப்பு

வங்கநாட்டு மேதினிபுர மாவட்டத்திலே வீரசிங்கம் என்னுஞ் சிற்றூரில், 1820ஆம் ஆண்டு செப்ரெம்பர் 26ஆம் நாள், வறிய அந்தணர் குடியிற் பிறந்தவர் ஈசுவரசந்திரர். கல்வியின் பொருட்டுத் தந்தையார் தாகுர்தாசரோடு கல்கத்தாவுக்கு நடந்து சென்ற சிறுவன், வழியோரத்து மைற்கற்களை நோக்கியே ஆங்கில இலக்கங்களைக் கற்றுவிட்டான்.

நகரிலே தந்தைக்கும் தம்பியர்க்குஞ் சோறாக்கும் பணி அவர் தலைமேல் வீழ்ந்தது. வங்கத்தார்க்குச் சோறும் மீனுமே உணவு. ஆங்கு அந்தணரும் மீனுண்பர். நம்மவர் இதனைக் கேட்டு முகஞ் சுளிக்கலாம். அடுக்களை வழக்கு நாட்டுக்கு நாடு வேறாதலே இயல்பு. அடுப்பு வேலைக்கிடையே இலக்கணம் நெட்டுருச் செய்த அவ்விளைஞர், 1839இல் வித்தியாசாகரர் என்னும் பட்டம் பெற்றார். 1851இல் தாம் பயின்ற வடமொழிக் கல்லூரிக்கே தலைவராயினார். உயர்குலத்தார் சிலர்க்கே திறந்திருந்த அதன் கதவைப் பிறர்க்குந் திறந்துவிட்டார். 1855இல் அவர் எழுதிய 'வர்ணபரிசயம்' என்னும் அரிச்சுவடியைக் கொண்டே வங்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக எழுத்தறிந்தனர்.

பதவி உயர்ந்தும் உடை மாறிற்றில்லை. முரட்டு வேட்டி, சால்வை, நாட்டுச் செருப்பு: துணை ஆளுநர் மாளிகைக்குஞ் சென்ற கோலம் அதுவே.

கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் வேண்டி அவர் நூல்களை ஆராய்ந்து வாதிட்டபோது பண்டிதர் பலர் பகைத்தனர். ஆயினும் 1856இற் சட்டம் நிறைவேறியது. சாந்திபுரத்து நெசவாளர் அவரை வாழ்த்தும் பாட்டைச் சேலைக் கரையிலே நெய்து விற்றனர். மறுமணங்கட்குத் தாமே செலவு செய்து கடனாளியுமானார். 1870இல் தம் ஒரே மகன் கைம்பெண்ணொருத்தியை மணந்தபோது மகிழ்ந்து நின்றார். பிறர் வீட்டுக்கு உபதேசஞ் செய்து தம் வீட்டுக்கு விலக்களிப்பவர் மலிந்த உலகில் இஃது எளிய செயலன்று.

1866ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சொந்த ஊரிலே அன்னசத்திரம் அமைத்து, அரிசியும் பருப்புஞ் சேர்த்துச் சமைத்த கிச்சடியை வழங்குவித்தார். பசியால் நலிந்து தலை வறண்டிருந்த பெண்களுக்கு எண்ணெய் கொடுக்கச் செய்தார். தாழ்ந்த குலத்தாரைத் தொட அஞ்சிப் பணியாளர் எட்டி நின்று ஊற்றக் கண்டு, தாமே அவர்தம் தலையில் எண்ணெய் தேய்த்தார்.

1874ஆம் ஆண்டு சனவரியிற் கல்கத்தா ஆசியக் கழகத்து நூலகத்துக்கு நண்பருடன் சென்றார். நூதனசாலையும் அப்போது அக்கட்டடத்திலேயே இருந்தது. ஆங்கிலச் சப்பாத்து அணிந்த நண்பரை உள்ளே விட்ட காவலாளன், இவரைத் தடுத்துச் செருப்பைக் கழற்றுமாறு பணித்தான். அவர் ஒரு சொல்லுஞ் சொல்லாது வண்டிக்குத் திரும்பினார். மேலைநாட்டுக் காலணிக்கு இல்லாத தடை நாட்டுச் செருப்புக்கு மட்டும் ஏன் என வினவி, நூதனசாலைப் பொறுப்பாளர்க்குக் கடிதம் எழுதினார். வந்த விடை அவர்க்கு உவப்பளிக்கவில்லை. 1891ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள் உயிர் நீக்கும்வரை அவ்வாயிலை அவர் மீண்டும் மிதித்திலர்.