கண் பார்வை போன பிறகும் ஆய்லர் நிரூபித்த எண்: உங்கள் போனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1707-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர். 1738-ல் வலது கண் பாதிக்கப்பட்டது. 1766-ல் இடது கண்ணிலும் புரை விழ, பார்வை கிட்டத்தட்ட போயே போச்சு. ஆனா கணக்கு நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள்.

31 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் 214,74,83,647. இது பகா எண் என்று 1644-லேயே மெர்சென் சொல்லியிருந்தார், நிரூபிக்கவில்லை. அதற்கு 46,340 வரையுள்ள எல்லா பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கணும். வகுக்க வாய்ப்பே இல்லாதவற்றை ஆய்லர் முதலிலேயே ஒதுக்கினார். மிச்சமிருந்த எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. 1772-ல் விடை உறுதியானது: பகா எண்தான்!

1783-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆய்லர் இறந்தார். பிளஸ், மைனஸ் குறியோடு 32 பிட்டில் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய எண் இதுவே. 1970-லிருந்து நொடிகளை இப்படி எண்ணும் பழைய சிஸ்டம்கள், 2038 ஜனவரி 19-ல் இந்த எண்ணைத் தாண்டும்போது தேதி தெரியாமல் தடுமாறும்.