சோப்பு நீரில் ஓர் உண்மை

மைசூரில் படிக்கும் நமக்குச் சோப்பு புதிதல்ல. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்திலேயே சந்தன சோப்புக்குப் பெயர் பெற்ற சீமை இது. அந்தச் சோப்பு நீருக்குள் என்ன ஆகிறது என்று கண்டறிந்தவரைத்தான் நம்மில் பலர் அறியோம். ரசாயன மாணவனாகிய நான் அம்மேதையின் வரலாற்றைச் சுருங்கக் கூற விரும்புகிறேன்.

ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின் 1882-இல் கனடாவில் பிறந்தார். டொரான்டோவிலும் ஜெர்மனியிலும் பயின்று, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆசிரியரானார். அங்கே அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் சாதாரணச் சோப்பு நீர்!

அதில் ஒரு புதிர் இருந்தது. மின்சாரம் அந்நீரில் தாராளமாகப் பாய்ந்தது. ஆனால் ஆவியழுத்தத்தை அளந்தால், கரைந்துள்ள துகள்கள் மிகக் குறைவு என்று தெரிந்தது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? சோப்பு மூலக்கூறுகள் தாமாகவே கூட்டம் கூடி, மின்னேற்றத்தைச் சுமந்து திரிகின்றன என்று 1913-இல் அவர் கூறினார். அக்கூட்டத்துக்கு மிசெல் என்று பெயர். நீரை வெறுக்கும் வால்கள் உள்ளே ஒடுங்க, நீரை நாடும் தலைகள் வெளியே நிற்கும் என்று இன்று நம் பாடப்புத்தகமே சொல்கிறது. அன்றோ, லண்டன் ராயல் சொஸைட்டியில் அவர் இக்கருத்தை விளக்கியபோது, தலைமை வகித்த அறிஞர் அதைப் பிதற்றல் என்று ஒதுக்கிவிட்டாராம்.

மெக்பெயின் மனம் தளரவில்லை. மேலும் மேலும் அளந்தார். ஒரே வெப்பநிலையில், ஒரே அளவு சோப்புள்ள நீர் திரவமாகவும் இருக்கலாம், ஜெல்லியாகவும் இருக்கலாம். மேரி லேயிங் என்னும் பெண்மணியுடன் சேர்ந்து 1920-இல் அவர் இரண்டையும் சோதித்தார். இரண்டிலும் மின்சாரம் ஒரே அளவில் பாய்ந்தது. ஆகவே துகள்கள் அவையே. ஜெல்லியில் அவை ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன, அவ்வளவுதான். மேலும் குளிர்ந்தால் சோப்பு வெண்ணிற இழைகளாக உறைந்துவிடும். மார்கழி விடியலில் விடுதிக் குழாயடியில் நுரைக்க மறுக்கும் சோப்பு, வெந்நீர் பட்டதும் நுரைப்பதும் இந்த வெப்ப விளையாட்டே.

1927-இல் அவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சென்றார். 1939-இல் அதே ராயல் சொஸைட்டி டேவி பதக்கம் அளித்து அவரைக் கௌரவித்தது.

பலர் ஓய்வை நாடும் வயதில் அவர் நாடியது நம் நாட்டை. 67-ஆம் வயதில், புதிதாக எழுந்த புனே தேசிய ரசாயன ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநரானார். 1950 ஜனவரி 3-இல் நேரு அதைத் திறந்துவைத்தார். 1952 வரை அதை வளர்த்த மெக்பெயின், 1953-இல் மறைந்தார்.

குளிரில் திரவமாக இருந்து, உடற்சூட்டில் ஜெல்லியாக இறுகும் மருந்துகள் இன்று உள்ளன. அவற்றிலும் கூடி நிற்பவை மிசெல்களே. பெரியவர் ஒருவர் மறுத்தார் என்பதற்காக அவர் தம் அளவுகோலைக் கீழே வைத்திருந்தால்? நண்பர்களே, ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போது இதை நினைவில் கொள்வோம்.