சிதறிய உள்ளத்தைத் திரட்டியவர்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இமாமுடன் தக்பீர் கட்டுகிறோம். ஸலாம் கொடுத்த பிறகு, இமாம் எந்த சூராவை ஓதினார் என்று யாராவது கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. உடல் ஸஃப்பில் நின்றது. உள்ளம் கடைக்கும் வங்கிக்கும் போய்வந்தது. செல்போனை அணைத்துவிட்டுத்தான் பள்ளிக்குள் வந்தோம். உள்ளத்தின் ஓட்டத்தை அணைக்க முடியவில்லை. இந்த நோயைத் தன்னிடமே கண்டு, அதற்கு மருந்து தேடிப் புறப்பட்டவர்தான் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) குராஸானின் தூஸ் நகரில் பிறந்தார்கள். தந்தை கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை. மரணம் நெருங்கியபோது, இரண்டு மகன்களையும் கையிலிருந்த சிறு தொகையையும் ஒரு நல்லடியாரிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்ததும் அவர், சாப்பாடு கிடைக்கும் மதரஸாவில் சேர்ந்துகொள்ளுமாறு பிள்ளைகளுக்கு யோசனை சொன்னார். வயிற்றுக்காகத்தான் கல்வியைத் தேடினோம், அந்தக் கல்வியோ அல்லாஹ்வுக்காக அன்றி வேறெதற்கும் இணங்க மறுத்துவிட்டது என்று இமாமவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இளமையில் ஜுர்ஜானில் ஓதிவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் மறித்தார்கள். மற்றதெல்லாம் போகட்டும், பாடக் குறிப்புகளை மட்டும் திருப்பித் தாருங்கள் என்று கெஞ்சினார்கள். கொள்ளையர் தலைவன் சிரித்தான். காகிதத்தைப் பறித்தால் பறிபோய்விடும் கல்வி என்ன கல்வி என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அந்த வார்த்தையை அல்லாஹ் பேசவைத்த வார்த்தையாக எடுத்துக்கொண்டு, ஊர் வந்து மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து எழுதியதையெல்லாம் மனனம் செய்தார்கள். இன்று நம் கல்வியெல்லாம் செல்போனில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் நம்மிடம் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேச மறுத்த நாவு

நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் ஓதித் தேர்ந்தார்கள். ஹிஜ்ரி 484இல் அமைச்சர் நிஜாமுல் முல்க், பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவுக்கு அவர்களைப் பேராசிரியராக நியமித்தார். வயது முப்பத்து நான்குதான். முன்னால் முந்நூறு மாணவர்கள் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். பேரும் புகழும் செல்வமும் குவிந்தன.

அந்த உச்சியில் நின்றுதான் தன் நிய்யத்தைத் தானே விசாரித்தார்கள். பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா? கிடைத்த பதில் அவர்களை நடுங்கவைத்தது. காலையில் எல்லாவற்றையும் விட்டுப் போய்விட முடிவெடுப்பார்கள். மாலைக்குள் ஆசை வந்து அந்த முடிவைக் கலைத்துவிடும். ஹிஜ்ரி 488 ரஜபிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதம் இந்தப் போராட்டம். ஒருநாள் நாவு பாடம் சொல்ல மறுத்துவிட்டது. உணவு இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது என்று சொல்லி மருத்துவர்கள் கைவிரித்தார்கள். அல்லாஹ்விடம் அழுது முறையிட்ட பிறகே, பதவியையும் புகழையும் விட்டு விலகுவது இலேசானது. குடும்பத்துக்குத் தேவையானதை ஒதுக்கிவிட்டு, மீதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு பக்தாதை விட்டு வெளியேறினார்கள்.

டமாஸ்கஸில் உமைய்யா பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுவதும் தனித்திருந்தார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ், பிறகு ஹஜ். இஹ்யா உலூமித்தீன் என்ற மாபெரும் நூல் இந்தத் தனிமையின் கனி.

குருவிகளும் மரமும்

அந்த நூலில் தொழுகையின் கவனச் சிதறலுக்கு ஓர் உவமை சொல்கிறார்கள். ஒருவர் மரத்தடியில் அமர்ந்து சிந்திக்க விரும்புகிறார். மேலே குருவிகள் கத்துகின்றன. கம்பை எடுத்து விரட்டுகிறார். உட்கார்ந்ததும் திரும்ப வருகின்றன. நாளெல்லாம் விரட்டினாலும் ஓயாது. நிம்மதி வேண்டுமானால் மரத்தையே வெட்ட வேண்டும். குருவிகள் நம் எண்ணங்கள். மரம் துன்யாவின் மீதுள்ள மோகம்.

கண்ணாலும் காதாலும் வரும் சிதறலுக்கு எளிய வழிகளைச் சொல்கிறார்கள். பார்வை ஓடாதபடி சுவருக்கு அருகில் தொழுங்கள். அலங்காரமான இடங்களைத் தவிருங்கள். உள்ளே இருந்து வரும் சிதறலுக்கு, ஓதுவதன் பொருளை உணருங்கள்; மனதை அரிக்கும் வேலையைத் தக்பீருக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதற்கும் அடங்காத ஆசை என்றால், அதன் வேரைப் பிடுங்குங்கள்.

சகோதரர்களே! இன்று அஸருக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். தொழுகையில் திரும்பத் திரும்ப வந்து நிற்பது எந்த எண்ணம்? உங்கள் மரம் எது என்பதை அது காட்டிக்கொடுக்கும். பிள்ளையின் படிப்பைப் பற்றிய கவலை பாவமல்ல. அந்தக் கவலைக்கு உழைப்பும் துஆவும் உண்டு. அடுத்தவரின் வீட்டைப் பார்த்து வந்த ஏக்கமா, நம்மை நாலுபேர் பாராட்ட வேண்டும் என்ற ஆசையா என்று பாருங்கள். அங்கேதான் கோடரி தேவை.

ஒருநாளில் வெட்டி முடியவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் தனிமையை நாடிய இமாமவர்களே, குடும்பத்தின் தேவைகளும் பிழைப்பின் கவலைகளும் குறுக்கிட்டதால் முழு ஓர்மை அவ்வப்போதுதான் வாய்த்தது என்று ஒப்புக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் அழைப்புக்காக ஊர் திரும்பவும் செய்தார்கள். ஆனால் நம்பிக்கை இழக்கவில்லை. ஒவ்வொரு முறை தடுக்கப்பட்டபோதும் மீண்டும் அதனிடமே போனார்கள். உள்ளம் ஓடுவது நம் இயல்பு. அதைத் திருப்பி அழைத்து வருவது நம் வேலை.

ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை. அதிகாலையில் உளூச் செய்து தொழுதார்கள். கஃபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டு, கிப்லாவை நோக்கிப் படுத்து, அப்படியே ரப்பிடம் சேர்ந்தார்கள். உலக அழைப்புகள் அத்தனையிலிருந்தும் உள்ளத்தைத் திருப்பிப் பழகியவருக்கு, கடைசி அழைப்பு வந்தபோது திரும்பிப் பார்க்க எதுவும் இருக்கவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் தொழுகையில் உடலோடு உள்ளத்தையும் நிற்கச் செய்வாயாக. உன்னை மறக்கச் செய்யும் மோகத்தை எங்கள் உள்ளங்களிலிருந்து வேரோடு அகற்றுவாயாக. ஆமீன்.