சட்டநிரூபண சபையில் சேர். பொன். இராமநாதன்

மருதனார்மடத்துப் பெண்கள் கல்லூரியும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயமும் நிலைத்திருக்குமளவும் சேர். பொன். இராமநாதன் அவர்களின் பெயரை நம்மவர் மறக்கப்போவதில்லை. திருநெல்வேலியில் அவர் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமும் தோன்றிற்று. ஆயினும், அவருடைய வாழ்நாளிற் பெரும்பகுதி கழிந்த இடம் கல்லூரியுமன்று, கோயிலுமன்று. கொழும்பிலிருந்த சட்டநிரூபண சபையேயாகும். அங்கே அவர் நிகழ்த்திய பிரசங்கங்கள் ஹன்சாட் ஏடுகளில் உறங்குகின்றன. கோபுரத்தைக் கும்பிடுவோர் அநேகர். ஹன்சாட்டைப் புரட்டுவோர் மிகச் சிலர். ஆதலால் அப்பெரியாரின் சபை வாழ்க்கையை மாத்திரம் இங்கே சிறிது ஆராய்வோம். அவருடைய யோக ஞானம், வேதாகம உரைகள், அமெரிக்கப் பிரயாணம் ஆகியன வேறொரு கட்டுரைக்கு உரியன.

மானிப்பாயை அடியாகக் கொண்ட குடும்பத்திலே, கேட் முதலியார் பொன்னம்பலம் என்பாருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மகனாக 1851ஆம் ஆண்டு சித்திரை மாதம் 16ஆம் திகதி கொழும்பில் அவர் பிறந்தார். சபைப் பேச்சு அக்குடும்பத்துக்குப் புதியதன்று. 1833இல் தொடங்கிய சபையில் தமிழருக்கென முதலில் நியமனம் பெற்றவர் அவருடைய தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார். பின்பு அவ்வாசனத்தில் நெடுங்காலம் வீற்றிருந்தவர் மாமனார் சேர். முத்துக்குமாரசுவாமி. இராமநாதனார் கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்று, அப்புக்காத்தாகி, பழைய உச்சநீதிமன்றத் தீர்ப்புக்களைத் தேடித் தொகுத்து அச்சிட்டுப் பெயர் பெற்றார். 1879இல் மாமனார் காலமாகவே அவ்விடம் மருமகனுக்குக் கிடைத்தது. அப்பொழுது வயது 28.

அக்காலத்துச் சபை எத்தகையது என்பதை இன்றைய இளைஞர் அறிதல் வேண்டும். தேர்தல் என்பதே கிடையாது. உத்தியோகத்தரல்லாத அங்கத்தவர் அறுவர் மாத்திரம். அவருள் மூவர் ஐரோப்பியர். சிங்களவருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர், தமிழருக்கு ஒருவர். எல்லாரையும் தெரிந்தெடுப்பவர் தேசாதிபதி. வாக்கெடுப்பு வந்தால் அரசாங்க உத்தியோகத்தரே எப்பொழுதும் மிகுதி. இத்தகைய இடத்தில் ஒருவர் எதைத்தான் சாதிக்கக்கூடும்? கை உயர்த்தி வெல்ல முடியாதவன் நியாயத்தினால் நாணச்செய்ய வேண்டும். சட்டப் பிரிவு, பழைய கட்டளை, செலவுக் கணக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து நீண்ட நேரம் பேசுவது இராமநாதனாரின் வழக்கமாயிற்று. நீளம் சில வேளை கேட்போரைச் சோர்வடையச் செய்திருக்கவுங்கூடும். ஆயினும், விடை சொல்லக் கடமைப்பட்ட உத்தியோகத்தர் சோர்ந்திருக்க இயலாதல்லவா?

வைசாகப் பூரணை தினத்தைப் பொது விடுமுறையாக்க வேண்டும் என்னும் கோரிக்கை பௌத்தரிடையே எழுந்தபோது, சபையில் அதற்குத் துணைநின்றவர் இச்சைவத் தமிழரே. வெளியே கேணல் ஒல்கொற் போன்றோர் உழைத்தனர். 1885இல் தேசாதிபதி ஆதர் கோர்டன் காலத்தில் விடுமுறை கிடைத்தது.

எனினும், அவருடைய எல்லாப் பேச்சும் எல்லாருக்கும் இனித்ததென்று சொல்லுதல் பொய்யாகும். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் வாதித்து, 1888இல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் அதனைக் கட்டுரையாகவும் படித்தார். தங்களுக்கெனத் தனி அங்கத்தவர் வேண்டியிருந்த முஸ்லிம் மக்கள் அதனால் மனம் நொந்தனர். மறுவருஷமே அவர்களுக்குத் தனி ஆசனம் கிடைத்துவிட்டது. புண் மாத்திரம் ஆறவில்லை.

1892 முதல் 1906 வரை அவர் சொலிசிற்றர் ஜெனரலாக அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். மக்கள் சார்பாகப் பேசும் வாய் அக்காலத்தில் அடைபட்டிருந்தமையால் அதனை விட்டு மேற்செல்வோம்.

1911 மார்கழியில் இலங்கையர் முதன்முதலாக ஒரு சபைத் தேர்தலைக் கண்டனர். கற்ற இலங்கையருக்கென ஒரேயொரு ஆசனம். நாடு முழுவதிலும் வாக்காளர் மூவாயிரம் பேர்தாமும் இல்லை. டாக்டர் மார்க்கஸ் பெர்னாந்துவை எதிர்த்து நின்ற இராமநாதனார் வெற்றி பெற்றார். ஒரு தமிழரைச் சிங்களவர் தெரிவுசெய்த காலமும் இருந்ததென இதனை எடுத்துப் பேசுதல் நம்மிடையே வழக்கம். அது மெய்தான். ஆனால் கொவிகம குலத்துப் பெரியோர் பலர் கரவா குலத்தவர் ஒருவருக்கு வாக்களிக்க விரும்பாமையும் அவ்வெற்றிக்கு ஒரு காரணம் என்று சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கின்றனர். முழுக்கதையையும் அறிந்துகொள்வது நல்லது.

எக்காரணத்தால் வந்த வாக்காயினும், 1915இல் அவர் அதற்குப் பதிலுரைத்த விதம் நிகரற்றது. அவ்வருஷம் வைகாசி இறுதியில், வைசாக காலத்திலே கண்டியில் மூண்ட சிங்கள முஸ்லிம் கலகம் சில தினங்களில் பல மாகாணங்களிற் பரவியது. ஆனி 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கலகம் ஒரு வாரத்துள் அடங்கியும் அச்சட்டம் ஆவணி முடிவுவரை நீடித்தது. இராணுவ நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தன. எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் வாலிபர் ஆடி 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். டீ. எஸ். சேனநாயக்க, எப். ஆர். சேனநாயக்க, டீ. பீ. ஜயதிலக்க முதலியோர் சிறையிலிருந்தனர். நஷ்டஈடு என்று ஊர் ஊராகப் பணம் தண்டப்பட்டது. உலக யுத்தகாலம், அரசாங்கத்தைக் குறை கூறுவோன் ராசத்துரோகி என்று எண்ணப்பட்ட வேளை. சிங்களத் தலைவருள் வெளியே இருந்தவர்களும் வாய்திறக்க அஞ்சினர்.

அவ்வேளையில், 64 வயதினரான இராமநாதனார் சபையில் எழுந்தார். பல அமர்வுகளில், தேசாதிபதி சார்மர்ஸ் தலைமை வகித்திருக்க, அவ்வரசாங்கத்தின் செயல்களையே விசாரணைக்கு உட்படுத்தினார். நடந்தது மதச் சச்சரவில் எழுந்த உள்ளூர்க் கலகமேயன்றி, முடியரசுக்கு மாறான சதியன்று என்பது அவர் வாதத்தின் அடித்தளம். சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கையில் குடிமக்களை இராணுவ நீதிமன்றத்துக்கு இழுப்பதற்கு நியாயம் யாது? கலகம் ஓய்ந்தபின் இராணுவச் சட்டம் ஏன்? விசாரணையின்றிச் சுட்டவர்களுக்குப் பொறுப்பு நீக்கம் அளிப்பது எவ்வாறு? இவையே அவர் கேட்டவை. கம்பலையில் ஒரு பள்ளிவாசல் முன்னே மேளவாத்தியத்தோடு பெரகரா செல்லும் உரிமைபற்றி எழுந்த வழக்கிலிருந்து தொடங்கி, சம்பவங்களை ஒரு நியாயவாதியின் ஒழுங்கோடு அடுக்கினார். சபையிற் பெரும்பான்மை அவருக்கு எதிராகவே இருந்தது. எனவே சபையோடு நில்லாமல், கடற்பயணம் அபாயமாயிருந்த அவ்வேளையில் இங்கிலாந்து சென்று முறையிட்டார். அப்பிரசங்கங்கள் 1916இல் இலண்டனில் நூலாகவும் வெளிவந்தன. ஈ. டபிள்யூ. பெரேராவும் அங்கே அதே காரியத்துக்காக உழைத்தார். சார்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார்; பின்வந்த தேசாதிபதி அண்டர்சன் சுட்டுக்கொலைகள் சிலவற்றை விசாரிப்பித்துக் கண்டித்தார்.

இராமநாதனார் திரும்பி வந்தபோது சிங்களப் பெருமக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே அவருடைய வண்டியை இழுத்தனர் என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி. கடைகளும் வீடுகளும் இழந்த முஸ்லிம் மக்கள் அவ்வண்டியை எக்கண்ணாற் பார்த்திருப்பர் என்பதையும் நாம் நினைத்துப் பார்த்தல் தகும். இராணுவச் சட்டத்தின் கொடுமையை விரித்துரைத்த அளவு, அவர்களுடைய இழப்பை அவர் விரித்துரைத்தாரல்லர்.

1919இல் தம்பியார் சேர். பொன்னம்பலம் அருணாசலம் முதல் தலைவராக இலங்கைத் தேசிய காங்கிரஸ் உதித்தது. இரண்டாண்டுகளுள் கொழும்புத் தமிழாசனம் பற்றிய மனத்தாங்கலால் அருணாசலம் விலகினார். 1924 தொடக்கத்தில் மதுரையிற் காலமானார். அதே வருஷம் 49 அங்கத்தவருடன் விரிவடைந்த சபைக்கு அண்ணனார் வடமாகாணத்திலிருந்து தெரிவானார். நாடு முழுவதற்கும் பொதுவான கற்றோர் ஆசனத்தில் இருந்தவர் இப்போது ஒரு மாகாணத்தின் பிரதிநிதி. இம்மாற்றம் அவருடையது மாத்திரமன்று. நாட்டின் மாற்றம் அது.

1927இல் வந்த டொனமூர்க் குழுவினர் மறுவருஷம் இரண்டு காரியங்களைச் சிபார்சு செய்தனர்: இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தல், ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை வழங்கல். இரண்டையும் இராமநாதனார் எதிர்த்தார். முதலாவதைப் பொறுத்தவரை, தொகையிற் சிறிய மக்களுக்குப் பாதுகாப்பு அற்றுப்போகும் என்று அவர் அஞ்சியது வீண் அச்சமென்று பின்வந்த சரித்திரத்தைக் கண்ட எவரும் கூறமாட்டார்.

இரண்டாவதைப் பற்றி அவருடைய அபிமானிகள் பேசாது விடுவதுண்டு. நாம் அவ்வாறு விடுதல் நேர்மையன்று. கல்வியும் உடைமையும் இல்லாதாருக்கும், தாழ்த்தப்பட்ட குலத்தவருக்கும், பெண்களுக்கும் வாக்கு அளிப்பதை அவர் ஏற்கவில்லை. பெண்களுக்கென்று கல்லூரி கட்டி, தம் பொருளை வாரி வழங்கியவரா இவ்வாறு நின்றார் என்று வியப்பு உண்டாகின்றது. அவர் மனத்திலே ஆட்சி என்பது கற்ற சிலர் மற்றையோருக்காகத் தாங்கும் கடமை. மற்றையோரே வந்து தாங்கும் உரிமையன்று. 1915இல் ஏழைக் கிராமத்தவனுக்காக அவர் பேசியதும் அக்கொள்கையினாலேதான். அவனுக்காகப் பேச ஆயத்தமாயிருந்தார். அவனே பேசட்டும் என்று விட ஆயத்தமாயிருக்கவில்லை. அக்காலத் தலைவர் பலருக்கும், சிங்களவர் தமிழர் என்ற வேறுபாடின்றி, இம்மனப்பான்மை இருந்தது உண்மை. ஆனால் அவ்வளவு தெளிந்த அறிவுடையவரிடத்தில் நாம் மிகுதியாக எதிர்பார்ப்பதிற் பிழையில்லை.

1929 மார்கழியில் டொனமூர்த் திட்டம் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவாக 19, எதிராக 17. இலங்கைத் தமிழ் அங்கத்தவர் எதிர்த்தே நின்றனர். முன்பு இலண்டனில் உழைத்த ஈ. டபிள்யூ. பெரேராவும் அத்திட்டத்தை எதிர்த்தார். அடுத்த மாதம் காலிமுகத்திடலருகே கட்டப்பட்ட புதிய சபாமண்டபம் திறக்கப்பட்டது. அதில் இராமநாதனார் நெடுநாள் அமரவில்லை. 79ஆவது வயதில் மீண்டும் கப்பலேறி இலண்டன் சென்று, குடியேற்ற நாட்டு மந்திரியிடம் தம் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தார். இம்முறை அது பலிக்கவில்லை. திரும்பி வந்தவர் 1930 கார்த்திகை 26ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

1931 ஆனியில் புதிய அரசாங்க சபைக்குத் தேர்தல் நடந்தது. அவர் தகாதென்று தடுத்த ஆண்களும் பெண்களும் நாடெங்கும் வரிசையில் நின்று வாக்களித்தனர். வடக்கிலே யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளில் மாத்திரம் எவரும் போட்டியிடவில்லை. டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கூறி, யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பகிஷ்காரம் செய்வித்தது. இராமநாதனார் எதிர்த்த காரணம் வேறு, அவ்வாலிபர் எதிர்த்த காரணம் வேறு. அவ்வாசனங்கள் 1934வரை வெறுமையாகக் கிடந்தன.