கோடு போடுமுன் குடியிருப்போரைக் கேட்டவர்

காகிதத்தில் கோடு கிழிப்பது எளிது. மேசைமீது படத்தை விரித்து, அளவுகோலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பென்சிலை இழுத்தால், ஐந்தே நொடியில் அகன்ற சாலையொன்று பிறந்துவிடுகிறது! ஆனால் அந்தப் பென்சில் போன பாதையில் இருந்தவை என்னென்ன? மூதாட்டி ஒருத்தி ஆண்டாண்டுக் காலமாக இட்லி சுட்டு விற்று வந்த திண்ணை இருந்தது. பிள்ளைகள் ஏறி விளையாடிய வேப்பமரம் இருந்தது. நாலு வீட்டுப் பெண்கள் குடத்தோடு கூடி நின்று குடும்பக் கதை பேசிய குழாயடி இருந்தது. இவற்றில் ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. படத்தில் இல்லை என்பதாலேயே, நாளை அவை தெருவிலும் இல்லாமற்போகும்.

கோடு போடுவோர் ஓரிடத்தில். கோட்டின் அடியில் நசுங்குவோர் வேறிடத்தில்! இவர்களை அவர்கள் கேட்பதில்லை. அவர்களை இவர்கள் காண்பதில்லை. நகர வளர்ச்சி என்ற பெயரால் நாடெங்கும் நடந்துவரும் கதை இதுதானே?

இந்தக் கதையை மாற்ற முனைந்த ஒருவர், நூறாண்டுகளுக்கு முன்பே நம் மதுரையிலும் தஞ்சையிலும் தெருத் தெருவாக நடந்தார். கடல் கடந்து வந்தவர். தாடியும் கலைந்த தலையுமாகக் காட்சி தந்தவர். பயிர் நூலில் தேர்ந்து, பட்டணத்தின் நோய்க்கு மருந்து தேடியவர். அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ். இன்றைய நிலையில், நம்மில் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

ஸ்காட்லாந்து நாட்டில் பாலட்டர் என்னும் சிற்றூரில் 1854-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை படையில் பணிபுரிந்தவர். பெர்த் நகரின் அருகே குன்றும் தோட்டமும் சூழ வளர்ந்த சிறுவன், செடி கொடிகளையே முதல் பாடப் புத்தகமாகக் கொண்டான். பின்னர் லண்டனில், புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்றார். நுண்ணோக்கியில் உயிரணுக்களைக் காண்பதே தம் வாழ்வு என்று எண்ணியிருந்தார்.

இருபத்தைந்து வயது இளைஞராக 1879-இல் ஆராய்ச்சிக்கென்று மெக்சிகோ சென்றார். அங்கே இடி விழுந்தது. கண் பார்வை மங்கியது! இருட்டறையில் வாரக் கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். பார்வை மீண்டது, ஆயினும் நுண்ணோக்கியோடு நாளெல்லாம் போராடும் வலிமை அந்தக் கண்களுக்கு இல்லை. வேறொருவராயின் விதி என்று சொல்லி ஓய்ந்திருப்பார். கெடிஸ் ஓயவில்லை. செல்லைக் காண முடியாத கண்ணால் சமுதாயத்தைக் கண்டார். செடி தன் மண்ணோடும் மழையோடும் ஒட்டி வளர்வதுபோல், ஊரும் தன் இடத்தோடும் தொழிலோடும் மக்களோடும் ஒட்டி வளர்கிறது என்ற உண்மை அவருள் வேரூன்றியது.

எடின்பரோ நகரில் வசதி படைத்தோர் புதிய நகரத்தில் மாளிகை கட்டிக் குடியேற, பழைய நகரம் ஏழைகளின் இருட்டறையாகிவிட்டிருந்தது. உயர்ந்த கட்டடங்கள், ஒளி நுழையாத முற்றங்கள், ஒரே அறையில் ஒரு குடும்பம், எங்கும் அழுக்கு, எங்கும் நோய். இடித்துத் தள்ளுவதே வழி என்று எளிதாகச் சொன்னோர் பலர்.

கெடிஸ் என்ன செய்தார் தெரியுமா? 1886-இல் அன்னா மார்ட்டன் அம்மையாரை மணந்தார். மணமான சிறிது காலத்தில் இருவரும் குடிபுகுந்தது, அந்தப் பழைய நகரத்தின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெருக்கடி நிறைந்த முற்றத்தில்! ஏழைகளைப் பற்றி ஏடெழுத வந்தவர் அல்லர். ஏழைகளின் அண்டை வீட்டாராக வந்தவர். தாமே துடைப்பம் எடுத்தார். தாமே சுண்ணாம்பு அடித்தார். சன்னல்தோறும் பூஞ்செடி வைத்தார்கள் கணவனும் மனைவியும். கண்டு நின்ற அண்டை அயலார் ஒருவர் பின் ஒருவராகக் கை கொடுத்தனர். குப்பை கொட்டிக் கிடந்த மூலைகள் சின்னஞ்சிறு தோட்டங்களாயின. மாணவர்கள் தம்மைத் தாமே நிர்வகித்துக்கொள்ளும் விடுதியும் அங்கே எழுந்தது.

1892-இல் கோட்டைக்கு அருகே ஒரு கோபுரக் கட்டடத்தை வாங்கினார். அதன் உச்சியில் ஓர் இருட்டறை. கண்ணாடியும் வில்லையும் கொண்டு, வெளியே ஓடும் நகரத்தின் உருவத்தை அங்குள்ள வெள்ளை மேசையின்மீது விழச் செய்யும் கருவி. ஊராரை அழைத்து அவர்கள் ஊரையே அவர்களுக்குக் காட்டினார்! இறங்கி வரும் மாடிகளில் எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று விரியும் காட்சிகள். தன் ஊரை அறியாதவன் அதன் எதிர்காலத்தைப் பற்றிப் பேச முடியாது. பேச முடியாதவனுக்காகப் பிறர் முடிவு செய்துவிடுவர். ஆகவே முதலில் ஊரை அறிவோம் என்பதே அந்தக் கோபுரம் சொன்ன பாடம்.

இந்தப் பாடத்தை ஊர் ஊராகக் கொண்டு செல்ல நகரக் கண்காட்சி ஒன்றை அமைத்தார். 1913-இல் பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரில் அது பெரும் பாராட்டுப் பெற்றது. சென்னை கவர்னராயிருந்த பெண்ட்லண்ட் பிரபு அழைக்க, 1914-இல் கெடிஸ் நம் நாட்டுக்குப் புறப்பட்டார். படங்களும் மாதிரிகளும் தனியே ஒரு கப்பலில் வந்தன.

வந்தனவா? இல்லை! நம்மவர் இன்றும் எமகாதகனை எம்டன் என்று அழைக்கிறார்களே, அந்தச் சொல்லைத் தந்த ஜெர்மானியப் போர்க் கப்பல், செப்டம்பரில் சென்னையைச் சுட்டுவிட்டு, அக்டோபரில் மினிக்காய்த் தீவருகே கிளான் கிராண்ட் என்னும் கப்பலை மூழ்கடித்தது. கெடிஸ் பல்லாண்டு பாடுபட்டுச் சேர்த்த அத்தனையும் கடலுக்குள் போயிற்று. கலங்கி நிற்கவில்லை அவர். நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது.

சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தரும் பொறுப்பும் அவருக்கு வந்தது. தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகள் நெருங்கிக் கிடந்தன. அந்த நெரிசலின் ஊடே நேர்கோடாகப் புதிய சந்துகளை வெட்டினால் காற்று வரும், சுகாதாரம் வரும் என்பது நகராட்சியின் திட்டம். கெடிஸ் படத்தை மூடிவைத்தார், தெருவில் இறங்கினார். எது குடியிருக்கும் வீடு, எது இடிந்த சுவர், எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே கோயில் என்று வீடு வீடாகக் குறித்தார். பிறகு சொன்ன யோசனை மிகச் சிறியது, மிகப் பெரியது. பாழடைந்த சிலவற்றை மட்டும் அகற்றுங்கள். அகற்றிய இடத்தைச் சிறு சதுக்கமாக்கி ஒரு மரம் நடுங்கள். பழைய சந்து வளைந்தால் வளையட்டும். குறுகிய இடத்தில் மட்டும் அகலமாக்குங்கள். வீடும் பிழைக்கும், காற்றும் நுழையும், செலவும் குறையும்!

நல்ல மருத்துவன் நோயாளியின் நாடியைப் பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை. விரலில் புண் என்றால் கையை வெட்டுவதில்லை. நகரத்துக்கும் அத்தகைய காக்கும் அறுவையே தேவை என்பது கெடிசின் கட்சி. வீட்டை இடித்து ஏழையைத் துரத்தினால் நெருக்கடி ஒழிவதில்லை. துரத்தப்பட்டவன் அடுத்த சேரியில் போய் அடைகிறான், அங்கே நெருக்கடி இரட்டிப்பாகிறது என்பதை அவர் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார். கொசு வருகிறதென்று குளங்களைத் தூர்க்கப் புறப்பட்ட அதிகாரிகளிடம், மீனும் வாத்தும் விட்டுக் குளத்தைக் காப்பாற்றுங்கள், வெள்ளம் வரும்போது அந்தக் குளம் உங்களைக் காப்பாற்றும் என்ற கருத்தை எடுத்துரைத்தார். 2015-இல் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, ஏரிகளின்மீது எழுந்த வீடுகளை எண்ணியவர்களுக்கு அந்த அறிவுரையின் அருமை விளங்கியிருக்கும்.

1917 அவர் வாழ்வில் பேரிருள் கவிந்த ஆண்டு. மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் நாட்டுப் போர்க்களத்தில் மாண்டார். மனைவி அன்னாவோ இந்திய மண்ணில் நோய்ப்படுக்கையில்! மகன் மறைந்த செய்தியை மனைவியிடம் சொல்லாமல் நெஞ்சுக்குள் புதைத்து, அருகே அமர்ந்து பணிவிடை செய்தார். சில வாரங்களில் அந்த அம்மையாரும் கண்மூடினார். இரட்டைத் துயரைத் தாங்கியபடியே அவர் மேற்கொண்டதுதான் இந்தூர் நகரப் பணி.

இந்தூரில் அப்போது பிளேக் நோய் வாட்டிக்கொண்டிருந்தது. அழுக்கை அகற்று என்று ஆணையிட்டால் மக்கள் அஞ்சுவர், அகற்றமாட்டார்கள். ஆகவே கெடிஸ் தீபாவளியைத் துணைக்கழைத்தார். அவ்வாண்டு ஊர்வலம் வழக்கமான வழியில் வராது. எந்தத் தெருவார் தம் தெருவை நன்றாகத் துப்புரவாக்கிச் செப்பனிட்டார்களோ அந்தத் தெரு வழியே வரும் என்று அறிவிப்பு! ஊரே விழித்தெழுந்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. சுவர்கள் வெள்ளை பூண்டன. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும் பிளேக் எலியும் பூதாகாரமாக வந்தன. அவர்களுக்குப் பின்னே, புத்தாடை உடுத்தி மாலை சூடி, தலை நிமிர்ந்து வந்தவர்கள் யார்? நாள்தோறும் தெருவைக் கூட்டும் துப்புரவுத் தொழிலாளர்கள்! தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களை, ஊரைக் காப்போர் என்று ஊரே பார்க்க நடத்திச் சென்றார் கெடிஸ். முடிவில் அரக்கன் எரிந்தான். வீடுகளில் நட்டு வளர்க்கச் செடிகள் வழங்கப்பட்டன.

1919-இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சமூகவியல், நகரியல் துறையின் முதல் பேராசிரியரானார். கொழும்பு, ஜெருசலேம், டெல் அவிவ் நகரங்களுக்கும் திட்டம் தந்தார். 1932-இல் பிரான்ஸ் நாட்டு மாண்ட்பெல்லியரில் அந்த நெடும் பயணம் நின்றது.

குறையே இல்லாதவர் என்று அவரைக் கூறவரவில்லை. அவரை அழைத்தவர்கள் கவர்னர்களும் மன்னர்களும். தெருவில் நின்று மக்களைக் கேட்டார், உண்மை. ஆனால் அறிக்கை போய்ச் சேர்ந்தது அரண்மனைக்கும் அதிகாரி மேசைக்கும். முடிவு செய்யும் உரிமை குடியிருப்போரிடம் அன்று இல்லை. அதனாலன்றோ, அவர் எழுதிய அறிக்கைகளில் பல அலமாரியிலேயே உறங்கிவிட்டன! எழுப்புவதற்கு உரியவர்கள் கையில் அவை தரப்படவில்லை.

இன்று நாம் மன்னரின் குடிகள் அல்லர். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது. நகரத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1971-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம். 2022-இல் பகுதி சபைக் கூட்டங்களும் இங்கே தொடங்கின. கெடிஸ் கனவில் கண்ட கதவு, நமக்குச் சட்டத்திலேயே திறந்திருக்கிறது.

திறந்த கதவு போதுமா? உள்ளே நுழைய ஆள் வேண்டாமா? வரைவுத் திட்டம் வெளிவரும் நாளில் அதை வாங்கிப் படிப்போர் எத்தனை பேர்? பகுதி சபைக்குப் போய், எங்கள் தெருக் குளம் இந்தப் படத்தில் எங்கே என்று கேட்போர் எத்தனை பேர்? இடிக்கும் வண்டி வாசலில் வந்து நின்றபின் கதறுவதால் பயனில்லை. படம் மேசையில் இருக்கும்போதே நாம் அந்த மேசைக்குச் செல்ல வேண்டும். படத்தை வரைபவர் நம் தெருவுக்கு வர வேண்டும்.

அன்று ஓர் அயல்நாட்டார், மொழி தெரியாத ஊரில், வெயிலில் வீடு வீடாக நடந்தார். நம் தெருவில் நாமே நடக்க நமக்கு என்ன தடை? தெரு நம்முடையது. அதன் நாளைய படமும் நம்முடையதாகட்டும்!