இரவிவர்மாவின் இளவல்

ஓவியர் இரவிவர்மாவின் புகழை அறியாதார் இலர். அவர்தம் ஓவியங்கள் பலவற்றின் பின்னணியில் விளங்கும் மலையும் நீரும் வானமும் இளவல் இராஜராஜ வர்மாவின் கைவண்ணம் என்பதை அறிந்தாரோ சிலரே.

1860-இல் பிறந்த இப்பெருமகனார், ஐரோப்பிய இயற்கைக் காட்சி ஓவியங்களை நூல்களின் வாயிலாகப் பயின்றார். எனினும், ஏட்டறிவோடு அமையாது, செல்லுமிடந்தோறும் திறந்த வெளியின் ஒளியையும் நிழலையும் நேரிற்கண்டு தைலவண்ணத்தில் தீட்டினார். தம் பயணங்களை நாட்குறிப்பிலும் வரைந்தார்.

லோத்குண்டாவில் வாழும் நமக்கு அவர் அயலாரல்லர். 1902-இல் தமையனாருடன் ஐதராபாத்திற்கு வந்து, புகைப்படக் கலைஞர் தீன் தயாளின் விருந்தினராய்த் தங்கினார். நாடி வந்த நிஜாமின் ஆதரவோ கிட்டவில்லை.

1905-இல் இளவலும், 1906-இல் தமையனாரும் மறைந்தனர். புகழ் ஒருவருக்கே நிலைத்தது. இனி அவ்வோவியங்களைக் காணுங்கால், முன்னிற்கும் உருவத்தோடு பின்னிற்கும் வானத்தையும் நாம் போற்றுவோமாக!