காசுகளைப் பேச வைத்தவர்

காசு கையில் விழுந்ததும் அதன் மதிப்பைத்தான் நாம் பார்க்கிறோம். தேய்ந்த பழங்காசுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு நாட்டின் மறைந்த வரலாற்றையே மீட்டவர் ஜேம்ஸ் பிரின்செப்.

இவர் 1799ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். கட்டடக் கலைஞராக விரும்பினார்; கண்பார்வை குன்றியதால் அவ்வாசை கைகூடவில்லை. பின்னர்ப் பொன், வெள்ளியின் மாற்றுக் காணும் தொழிலைக் கற்று, 1819இல் கல்கத்தா நாணயச்சாலையில் பணியேற்றார். அடுத்துக் காசி நாணயச்சாலையில் 1830 வரை இருந்தார். அந்நகரின் கழிவுநீர் வெளியேறச் சுரங்கவழி அமைத்ததும் இவரே. 1832இல் கல்கத்தா நாணயச்சாலையின் தலைமை மாற்றாய்வாளர் ஆனார். இடத்துக்கு இடம் வேறுபட்ட நாணயங்களை ஒழித்து ஒரே சீரான ரூபாய் வேண்டுமென வற்புறுத்தினார். 180 கிரெயின் எடையுள்ள அந்த ரூபாய் 1835இல் வந்தது.

1833இல் ஆசியக் கழகத்தின் செயலாளரானதும் பழங்காசுகள் இவரை நாடி வந்தன. வெஞ்சுரா, கோர்ட், மேசன் முதலியோர் வடமேற்கில் கண்டெடுத்தவை அவை. ஒரே மன்னனின் காசுகளேயாயினும் அச்சுக்கு அச்சு வேறுபாடு உண்டு. ஒன்றில் சிதைந்த எழுத்து மற்றொன்றில் தெளிவாக நிற்கும். ஆகவே ஒவ்வொன்றையும் ஒப்புநோக்கித் தம் கையாலேயே படம் வரைந்தார். இந்திய கிரேக்க மன்னரின் காசுகளில் ஒருபுறம் கிரேக்கம், மறுபுறம் அறியா எழுத்து. இருபுறமும் ஒரே பெயர்தான் என்பதை மேசன் உணர்த்தினார். அவ்வழியே கரோஷ்டி எழுத்துகள் பலவற்றைப் பிரின்செப் இனங்கண்டார்.

பிராமியில் சில எழுத்துகளை 1836இல் லாசன் என்னும் அறிஞர் அகதாக்கிளீஸ் மன்னனின் காசிலிருந்து படித்திருந்தார். முழுத் திறவுகோல் 1837இல் பிரின்செப்பிடம் சிக்கியது. சாஞ்சித் தூபியின் வேலிக் கற்களில் இருந்த சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். அடியவர் அளித்த கொடைகளாயின் அச்சொல் 'தானம்' அன்றோ? அதற்கு முன் நின்ற எழுத்து, சௌராட்டிரக் காசுகளில் அவர் அப்போதுதான் படித்த ஆறாம் வேற்றுமை உருபு! இன்னார் கொடை என்னும் பொருள் விளங்கிற்று. அதன்பின் தூண்களும் பாறைகளும் வாய் திறந்தன. அவற்றில் பேசும் பியதசி என்பவர் அசோகரே என்பதை இலங்கையில் பாலி நூல்களை ஆராய்ந்த டர்னர் காட்டினார். தென்பாண்டிக் குகைகளின் தமிழ்ப் பிராமியைப் பிற்காலத்தார் படித்ததும் இவ்வடித்தளத்தின் மேல்தான்.

பகலில் நாணயச்சாலை, எஞ்சிய பொழுதெல்லாம் ஆராய்ச்சி என்ற ஓயாத உழைப்பை உடல் தாங்கவில்லை. மூளை நோயுற்று 1838இல் தாயகம் திரும்பினார். 1840 ஏப்ரல் 22ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். அப்போது வயது நாற்பதே. அவர் தொகுத்த காசுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஊக்ளிக் கரையில் அவர் பெயர் தாங்கிய படித்துறை இன்றும் நிற்கிறது.

நம் ஊர் வயல்களிலும் ஆற்றுமணலிலும் பழங்காசுகள் கிடைப்பதுண்டு. அவற்றை உருக்குவதற்குமுன் ஒருமுறை உற்றுப் பார்ப்பதே அப்பெரியாருக்கு மாணவர்களாகிய நாம் செலுத்தும் நன்றிக்கடன்.